அக்கா விழுங்கிய மாத்திரை

அக்கா மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்ததும் லெஸ்யாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு மேசையில் மருந்துக் குப்பி நின்றது. பெயர் தெளிவாகத் தெரிந்தது. பிரெமரின்.

பதினோரு வருஷம் கழித்து அக்கா ஸ்டெஃபானியா இன்று மதியம்தான் இந்தப் பண்ணைக்கு வந்திருந்தாள். வின்னிபெக்கிலிருந்து கொட்டுகிற பனியில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு.

லெஸ்யா வேய்னைக் கட்டிக்கொண்ட அன்று, குதிரை மூத்திரம் பிடித்து விற்கிறவன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

வேய்ன் இப்போது தொழுவத்தில் இருந்தான். அங்கே நாற்பது சினைக்குதிரைகள் பின்னால் பை கட்டி வரிசையாக நின்றன. பையில் சேர்வது பீப்பாய் பீப்பாயாக மருந்துக் கம்பெனிக்குப் போகும்.

அக்கா பேசிக்கொண்டே போனாள். மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு அடுப்பாகக் கொதித்ததாம். புருஷன் தும்மினால்கூட எரிந்து விழுந்தாளாம். இந்த மாத்திரைதான் அவளைத் திரும்ப மனுஷியாக்கியதாம்.

சொன்னால் எழுந்து போய்விடுவாள். அப்புறம் இன்னும் பதினோரு வருஷம்.

லெஸ்யா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அக்கா, அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

ஸ்டெஃபானியா உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைப் புளித்த பாலாடையில் தோய்த்தபடி அவளையே பார்த்தாள்.

லெஸ்யா விரல்விட்டுச் சொன்னாள். பிரெக்னன்ட் என்பதில் தலை, பிரெ. மேர் என்றால் பெண்குதிரை. அது நடுவில், மர். யூரினில் வால், இன்.

சொல்லி முடித்த பிறகுதான் லெஸ்யாவின் கண் ஆணியில் தொங்கிய அக்காவின் கோட்டுக்குப் போனது.

அக்கா நிதானமாக மென்று முடித்தாள்.

"எட்டு வருஷமா தெரியும்டி. மருந்துக்கடைக்காரன் முதல் நாளே சொல்லிட்டான். பேசின பேச்சுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றதுன்னு தெரியல. இன்னிக்கும் வாய் வரல, அதான் குப்பிய உன் கண்ணுல படுற மாதிரி வெச்சேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. லெஸ்யாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அக்காவுக்குப் புரையேறியது.

சத்தம் கேட்டு, பூட்ஸிலிருந்த பனியை உதைத்து உதிர்த்துவிட்டு வேய்ன் உள்ளே வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றான்.

ஸ்டெஃபானியா எழுந்து கோட்டை மாட்டினாள். குதிரைகளைப் பார்க்க வேண்டும், கூட்டிப்போகிறாயா என்று அவனிடமே கேட்டாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, அவன் பெயரைச் சொல்லி.