இன்னும் கொஞ்சம் வேகம்

அறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவருடைய தங்கை, ரிப்பேர்காரன். நான்காவதாக, பக்க மூடி கழற்றப்பட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர்.

“இதுக்கு வயசு பதினஞ்சு சார். இதைப் போய் ஓடச் சொல்றீங்களே,” என்றான் ரிப்பேர்காரன்.

“ஓடட்டும். வேகத்தை எவ்வளவு ஏத்தலாம்?”

அதிலிருந்த பூட்டிய ஃபோல்டர் ஒன்றின் பாஸ்வேர்டைத் தேடும் புரோகிராம் ஒன்பதாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு மணி நேரம் என்று திரை காட்டியது. மணி பகல் பன்னிரண்டு.

“ஆறு மணி பஸ்ல அவளை வேற ஊருக்கு அனுப்பப் போறாங்களாம். அப்புறம் எங்க பாப்பாவைக் கண்ணாலகூடப் பார்க்க முடியாது. இப்ப எங்க இருக்கான்னு இதுலதான் எழுதி வெச்சிருப்பா.”

அவருக்குத் தலை முழுக்க நரை. குரல் உடைந்திருந்தது.

“போலீசுக்குப் போனீங்களா?”

“போனேன். விரட்டிட்டாங்க.”

ரிப்பேர்காரனுக்கும் ஒரு மகள் உண்டு. மேற்கொண்டு கேட்கவில்லை.

“ஓடும்போதே ஏத்தணும் சார். நடுவுல ஹேங் ஆச்சுன்னா ஒன்பது நாளும் போச்சு. சிப்பும் கருகிடும்.”

“ஏத்துங்க.”

இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸில் இருந்த வேகத்தை மூன்றுக்கு ஏற்றினான். சூடு எண்பது டிகிரியைத் தொட்டது.

“போதும் தம்பி. பாவம், அது தாங்காது,” என்றாள் தங்கை. டேபிள் ஃபேனைத் திறந்த பெட்டிக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

“நீ வாயை மூடிட்டு ஃபேனைப் பிடி,” என்றார் வீட்டுக்காரர்.

இறுக்கத்தைக் குறைக்க ரிப்பேர்காரன் பேச்சை மாற்றினான். “என்ன சார், இந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் ரெண்டும் வெளிப்பக்கம் இருக்கு? தச்சர் போதையில வந்தாரா?”

“இன்னும் ஏத்துங்க,” என்றார் வீட்டுக்காரர்.

மூன்று புள்ளி ஆறு. மீதி நேரம் நான்கு மணியாகச் சுருங்கியது. சூடு தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. ஏன் இப்படி ஏறுகிறது என்று திரும்பினான். ஃபேன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா, சுவருக்கா வேர்க்குது?”

திருப்பி வைத்தான். சிறிது நேரத்தில் அது மறுபடியும் விலகியது. அவள் கண்கள் கலங்கியிருந்தன. அண்ணன் மகள் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு, ஃபேனைத் தானே வாங்கிப் பிடித்தான். கடைசிவரை கீழே வைக்கவில்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாஸ்வேர்டு விழுந்தது.

“உங்க பொண்ணு கிடைச்சிட்டா சார்!”

உள்ளே ஒரே ஒரு கடிதம். பெண்கள் காப்பகம் ஒன்றின் முகவரிக்கு எழுதியது. வீட்டுக்காரர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, முகவரியை ஒருமுறை முணுமுணுத்தார். ரிப்பேர்காரன் கடைசி வரியை உரக்கப் படித்தான்.

“‘நான் அங்கே வருவது என் வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது. இந்த முறை கொன்றுவிடுவார்.’ அடப்பாவி! யார் சார் இவ புருஷன்?”

திரும்பினான். பின்னால் வீட்டுக்காரர் இல்லை. மேசை மேலிருந்த அவனுடைய செல்போனும் தங்கையுடையதும் இல்லை. கதவு சாத்தப்பட்டு, வெளியே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.

“எங்க அண்ணன்தான் தம்பி,” என்றாள் தங்கை.

இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.