கார் வராத பாதை

"இந்தச் சரளைப் பாதையில ஒரு கார்கூட வராது மதாம். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்!" என்றான் வழிகாட்டி கயேத்தான்.

பின்னால் சைக்கிள் மிதித்து வந்த மதாம் வெர்னே, இருபுறமும் பரந்து கிடந்த பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நிஜமாவே எதுவும் வராதா?"

"ரெண்டு முனையிலயும் பாறாங்கல் போட்டிருக்கோம்ல! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே மேயர்கிட்ட மல்லுக்கட்டி நான்தான் செய்ய வெச்சேன். எந்தக் கொம்பனாலயும் உள்ள வண்டியை விட முடியாது."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ ஓர் அக்ரூட் மரத்தடியில் இறங்கி, தரையையே பார்த்தபடி நின்றாள்.

"களைப்பா இருக்கா மதாம்?"

"இல்ல. போன மே மாசம் என் வீட்டுக்காரர் இங்கதான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துடுச்சு. ஆனா பாறாங்கல்லைத் தாண்ட வழியில்லாம முனையிலயே நின்னுடுச்சு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க, பாவம். வந்து சேர்றதுக்குள்ள போயிட்டார்."

அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. யாரோ ஒருவர் இறந்ததாகக் கயேத்தானும் அப்போது கேள்விப்பட்டிருந்தான். பெயரைக்கூட விசாரிக்கவில்லை.

"மதியச் சாப்பாடு எந்த ஊர்லன்னு சொன்னீங்க?" என்றபடி அவள் சைக்கிளில் ஏறினாள்.