கீழ்வீட்டுக்காரரின் விமர்சனம்

தேவசகாயம் எழுபத்து மூன்று வயதில் தானே எழுதி, மெட்டமைத்து, தனியாகப் பாடி வெளியிட்ட ஆல்பத்தை முதல் நாளே இரண்டு கோடிப் பேர் கேட்டுவிட்டார்கள். பெரம்பூர் ஃப்ளாட்டில் பூங்கொத்துகளை நகர்த்தித்தான் அவர் குளியலறைக்கே போக வேண்டியிருந்தது.

ஆனால் இப்போதெல்லாம் காதில் மாட்டுகிற கருவி, கேட்கிறவர் ரசனைக்குத் தக்கபடி பாட்டையே மாற்றிக் கொடுத்துவிடுகிறதே! மீன்காரம்மா, "அந்த மூணாவது குத்துப்பாட்டு இருக்கே, அடி தூள்ணே!" என்றார். வங்கி மேலாளர் அதே மூன்றாவது பாட்டைத் தாலாட்டு என்று புகழ்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டார். தேவசகாயம் தானே மாட்டிக் கேட்டபோது, உள்ளே முப்பது வயசுத் தேவசகாயம் பாடிக்கொண்டிருந்தார்!

"நான் பாடினதை ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தாப் போதும்" என்று மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் காலை, கீழ்வீட்டு வரதராஜுலு கதவை இடித்தார்.

"ஏன் சார், வீட்லயேவா ரெக்கார்டிங் பண்ணுவீங்க? ஒரு மாசமா கூரை வழியாக் கேட்டு உசுரே போச்சு. மூணாவது பாட்டுல 'மழையே'ன்னு மேல போறீங்களே, அங்க குரல் உடையுது. உடைஞ்சா விட்டுத் தொலைக்காம இழுக்கறீங்க வேற!"

தேவசகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த இடத்துல உடையுது? பாடிக் காட்டுங்க சார்."

கோபத்தில் வரதராஜுலு பாடியே காட்டிவிட்டார். உடைசல்கூட அச்சு அசலாக இருந்தது.

"உள்ள வாங்க, காபி சாப்பிட்டுக்கிட்டே நாலாவது பாட்டைத் திட்டுங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார் தேவசகாயம்.