ஏரிக்கரையில் நூற்றுப் பன்னிரண்டு

"இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு. எட்டு மணி வரைக்கும் யாரும் என்கிட்ட பேசக்கூடாது," என்றார் வெர்ன்.

வீட்டில் இருந்த இன்னொரு ஆள் அவருடைய மனைவி லொரேன் மட்டும்தான். அவள் பேசவும் இல்லை. அடுப்பருகே நின்று ஒரு கையால் முட்டையைத் திருப்பிக்கொண்டு, மறு கையில் போனை வைத்து, இன்னும் எவ்வளவு பனி பெய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஜனவரிப் பனி கார் கதவு வரை குவிந்து கிடந்தது. வெர்னின் மனம் மட்டும் ஜூலைக்குப் போய்விட்டிருந்தது. ஹ்யூரான் ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் போட நல்ல இடம் வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு முன்பே, அதே தேதியில், காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு விநாடி அசந்தாலும் தண்ணீரே தெரியாத கொசுக்காடுதான் மிஞ்சும்.

அவருக்கு வேண்டியது நூற்றுப் பன்னிரண்டாம் எண் இடம். கூடாரத்திலிருந்து காலை வெளியே வைத்தால் தண்ணீர். அவரும் தம்பி டெல்மரும் குடும்பத்தோடு இருபது வருஷம் சேர்ந்து தங்கிய இடம் அது. பிறகு ஒருநாள், அப்பாவின் மீன்பிடிப் படகை டெல்மர் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றான். அன்றோடு பேச்சு நின்றது. ஓரகத்திகள் இருவரும்கூட இனி பேசக்கூடாது என்று வெர்ன் சொன்னார். லொரேன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து ஜனவரியிலும் நூற்றுப் பன்னிரண்டு அவர் கைக்கு வரவே இல்லை. ஜூலை வந்தால் வீட்டில் உட்கார்ந்து, உறைந்த பீட்சாவைச் சூடுபண்ணித் தின்றபடி புழுங்குவார். அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் லொரேன் டொலீடோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்விடுவாள்.

இடத்தை எடுப்பது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தம்பிதான். தன்னை வெறுப்பேற்றுவதற்காகவே எடுக்கிறான். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றால், அந்த இடத்தில் டெல்மர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை.

மணி ஏழு ஐம்பத்தொன்பது. மவுஸை நூற்றுப் பன்னிரண்டின் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். இந்த முறையாவது, இந்த முறையாவது என்று உதடு முணுமுணுத்தது. எட்டு ஆனதும் அழுத்தினார். பச்சையாக இருந்த கட்டம் அவர் கண் முன்னாலேயே சிவப்பானது.

"போச்சு. அந்தத் திருட்டுப் பய இந்த வருஷமும் அடிச்சிட்டான்."

"விடு வெர்ன். முட்டை ஆறுது," என்றாள் லொரேன்.

அவரால் விட முடியவில்லை. ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். இன்றைக்கு அவனை நாலு கேள்வி கேட்காமல் விடப்போவதில்லை என்று போனை எடுத்தார். லொரேன் ஓடிவந்து அதன்மேல் கையை வைத்தாள்.

"வேண்டாம். அஞ்சு வருஷமா எல்லாரும் நிம்மதியா இருக்கோம். நீயா போய்க் கிளறிவிடாதே."

"யாரு நிம்மதியா இருக்கா?" என்று அவள் கையை விலக்கினார்.

டெல்மர் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள், ஐந்து வருஷமாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் வெர்ன் கொட்டித் தீர்த்தார். டெல்மர் பதிலுக்குக் கத்தினான்.

"நானா எடுக்கிறேன்? வருஷா வருஷம் நீ எடுக்கிறேன்னுதானே நான் இங்க பல்லைக் கடிச்சிட்டிருக்கேன். இப்பக்கூட எட்டு மணிக்கு எனக்கும் சிவப்புதான் வந்துச்சு."

"சத்தியமாவா?"

"அப்பா மேல சத்தியமா."

வெர்ன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இத்தனை நாள் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். படகு விஷயத்தை டெல்மரே எடுத்தான். அடியில் விரிசல் விட்டுவிட்டது, சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்றுதான் சொல்லாமல் தள்ளிவிட்டேன் என்றான்.

அப்புறம் இரண்டு பேருக்கும் பொது எதிரி கிடைத்துவிட்டான். யார் அந்தத் திருடன் என்று தெரிந்தாக வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், நூற்றுப் பன்னிரண்டுக்கு நேர் எதிரே நூற்றுப் பதினொன்று இன்னும் பச்சையாக இருப்பதை டெல்மர்தான் பார்த்துச் சொன்னான்.

"கொசு பிடுங்கினாலும் பரவாயில்ல. அதையே போடு. ஒரு வாரம் எதிர்ல உட்கார்ந்து அந்த மூஞ்சியைப் பார்த்துடுவோம்."

வெர்ன் உடனே பதிவு செய்தார். தம்பி இரண்டு குடும்பத்துக்கும் சமைக்க அடுப்பு கொண்டுவருவதாகச் சொன்னான். போனை வைத்தபோது முட்டை ஆறி விறைத்திருந்தது. லொரேன், துணி காய்ந்திருக்கும் என்று கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள்.

வெர்ன் விசிலடித்துக்கொண்டே தட்டை எடுக்கப் போனார். அடுப்பருகே அவள் வைத்துவிட்டுப் போன போன் ஒலித்தது. திரையில், ஐந்து வருஷமாக இந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர், தம்பி மனைவி ஜோலீன். எடுத்துக் காதில் வைத்தார்.

"லொரேன், நூத்திப் பன்னண்டை இந்த வருஷமும் நீ நமக்குப் பிடிச்சுட்ட, சரி. ஆனா இதுங்க ரெண்டும் ராசியாகி நமக்கு நேர் எதிர்லயே கூடாரம் போடப் போகுதாம், முதல்ல நம்ம இடத்தைக் கேன்சல் பண்ணு."