விடை முதலில் நுழையும்

அந்த ஊரில் பெண்வீட்டார் போடும் விடுகதைக்கு மாப்பிள்ளை விடை சொன்னால் மட்டும் போதாது. அதைப் பிடித்துவந்து வாசலில் விட வேண்டும். விடை நிலைப்படியைத் தாண்டிய பிறகுதான் அவன் உள்ளே கால் வைக்கலாம். பசு, ஆடு, கோழி என்று லேசாகத்தான் போடுவார்கள். ஆனால் மணப்பெண் வடிவின் அத்தைக்கு மாப்பிள்ளை மாசானத்தைக் கண்டாலே ஆகாது.

“வீட்டை முதுகுல சுமப்பான், யாருக்கும் வாடகை குடுக்க மாட்டான். யாரு?”

மாசானம் சிரித்துக்கொண்டே வேலியோரம் போய் ஒரு நத்தையைக் கொண்டுவந்து படிமேல் வைத்தான். அது ஓட்டுக்குள் சுருண்டுகொண்டது.

“யாரும் தொடக் கூடாது. முகூர்த்தத்துக்குள்ள அது உள்ள வரலன்னா கல்யாணம் இல்ல,” என்றாள் அத்தை, வெற்றிலையை மடித்தபடி.

வெயில் ஏறியது. ஓடு அசையவில்லை. மாலையும் கழுத்துமாக உள்ளே நின்ற வடிவு, குடிக்க வைத்திருந்த செம்பை எடுத்து நிலைப்படியில் மெல்லச் சாய்த்தாள்.

“ஏட்டி, என்ன செய்யுத?”

“நான் தொடலியே அத்தே.”

தண்ணீர் ஓட்டை நனைத்தது. முதலில் ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது, பிறகு இன்னொன்று. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நத்தை வடிவை நோக்கிக் கிளம்பியது. பாதிப் படி தாண்டுமுன் தவில்காரர் பொறுக்கமாட்டாமல் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். வாசலில் மாசானம் வலது காலைத் தூக்கியபடி நின்றான்.

நத்தை நிற்கவில்லை.