தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

ரத்த அழுத்தப் பட்டை கையை இறுக்கியதும் ட்ரினா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஒரு பிடிதான், விட்டுவிடும். அவளுக்குத் தெரியும். உடம்புக்குத்தான் இருபத்திரண்டு வருஷமாகப் புரியவில்லை.

நூற்று எழுபத்தெட்டு. நர்ஸ் ரோசால்வா உதட்டைப் பிதுக்கினாள்.

மாத்திரை போடுகிறாயா என்று கேட்டாள். போடுகிறேன். தூக்கம்? கதவைப் பார்த்த நாற்காலியில், இரண்டு மணி நேரம். அடிவயிற்று வலி? அப்படியேதான் இருக்கிறது. கர்ப்பப்பைப் பரிசோதனை இந்த வருஷமாவது?

வேண்டாம் என்று தலையாட்டினாள். படுக்கச் சொல்வார்கள். படுத்துக்கொண்டு இன்னொருவர் கை அருகில் வருவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

குண்டு வெடிக்கிற ரோட்டில் ராணுவ லாரி ஓட்டியவள். ரோட்டில் பயந்ததில்லை. பயந்ததெல்லாம் முகாமுக்குத் திரும்பிய பிறகு.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. காலையில் வரவேற்பு மேசைக் கிழவர், புருஷனுடைய படை அடையாள நம்பரில் கடைசி நாலு இலக்கத்தைச் சொல்லும்மா என்றார். படையில் இருந்தது நான், அந்த ஆள் சமையலறைப் பக்கம்கூட வந்ததில்லை என்றாள். இந்தக் கட்டிடத்தில் பெண் என்றால் யாரோ ஒரு வீரனின் பெண்டாட்டி.

மகள் ஜாஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதினெட்டு வயது. இப்போது மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள். எப்போதும் தனியாக வருகிற ட்ரினா இன்று வேண்டுமென்றே அவளைக் கூட்டி வந்திருக்கிறாள். வீட்டில் மூன்று வாரமாக முயன்றும் வாயைத் திறக்க முடியவில்லை.

ரோசால்வாவின் கணினித் திரையில் அந்தக் கேள்வி வந்தது. வருஷா வருஷம் வருவது. பக்கத்தில் ஆள் இல்லாமல் கேட்க வேண்டும் என்பது விதி. வருஷா வருஷம் ட்ரினா இல்லை என்றே சொல்லியிருக்கிறாள்.

ரோசால்வா மூலையைப் பார்த்தாள். கண்ணு, கொஞ்சம் வெளியே இரு என்றாள்.

ஜாஸ்லின் எழுந்தாள்.

"அவ இருக்கட்டும். நீங்க சத்தமா கேளுங்க" என்றாள் ட்ரினா.

ரோசால்வா தயங்கினாள். பிறகு படித்தாள். படையில் இருந்தபோது, உங்கள் சம்மதமில்லாமல், யாராவது உங்களைப் பலவந்தமாக...

ட்ரினா நர்ஸைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தே சொன்னாள்.

"ஆமா. எங்க சார்ஜென்ட்டுதான்."

ஜாஸ்லின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

திங்கட்கிழமை அவள் ராணுவப் பயிற்சி முகாமுக்குப் புறப்படுகிறாள். அம்மாவைப் போல ஆகணும் என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள்.