கிளம்பும் முன்பே திரும்பியவர்

இவர் இன்னும் கிளம்பவே இல்லையே, அதற்குள் எப்படித் திரும்பி வந்தார்? இப்படி யோசித்தபடியே அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்த கணவருக்குத் தேநீர் ஊற்றினாள். அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. குளியலறையில் நரைக்காத கணவர் பாடிக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தார். ஒளியை முந்தப்போகும் முதல் விண்கலத்தை ஓட்டுபவர் அவர்தான். அழைத்துப்போக வண்டி வாசலில் நின்றது.

"ஒளியை முந்தினா காலத்துல பின்னாடி வந்துடலாம்னு கணக்கு சொல்லுச்சு. நான்தான் நம்பலை," என்றார் நரைத்தவர். "நான் போன இடத்துல ரெண்டு சூரியன் கைகோத்துக்கிட்டு உதிக்குது, தெரியுமா!"

இத்தனை வருடத்தில் அந்தக் கண்களில் இப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

அவர் தேநீரை ஊதினார். "அன்னிக்கு வாசல்ல பயந்துபோய்க் கேட்டேனே, போகாதீங்கன்னு ஏன் சொல்லலை நீ?"

"நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."

நரைத்தவர் புரையேறச் சிரித்தார்.

வாசலில் நரைக்காதவர் ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றார். "ஏய், பயமா இருக்கு. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன், இருந்துடறேன்."

உள்ளே தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"மாட்டேன்," என்றாள் மெதுவாக.